வால் கூண்டில் சிக்கிய வீரர்: கனடாவின் 419ஆவது படையணி

[காட்சி: லங்காஸ்டர் விமானத்தின் வால் பகுதி, மிக அருகில்]

இது இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானம். அதன் வால் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு தெரிகிறதா? நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் ஒரு வீரர் இரவு முழுவதும் தனியாக உட்கார்ந்திருப்பார். இந்தக் கூண்டைப் புரிந்துகொண்டால்தான் நான் சொல்லவரும் இரவு புரியும்.

கூண்டைச் சுழற்றுவது எண்ணெய் அழுத்தம். அது இயங்கும் என்ஜினிலிருந்து வருகிறது. என்ஜின் நின்றால் கையால் சுழற்ற வேண்டும். கூண்டு கோணலாக நின்றுவிட்டால் விமானத்துக்குள் வரவும் வழியில்லை, வெளியே குதிக்கவும் வழியில்லை.

[காட்சி: வரைபடம், இங்கிலாந்து]

கனடா விமானப்படையின் 419ஆவது படையணி 1941 டிசம்பரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் உருவானது. முதல் தளபதி கனடாவின் காம்லூப்ஸ் நகரத்தவரான ஜான் ஃபுல்டன். நண்பர்கள் அவரை ‘மூஸ்’ என்று அழைத்தார்கள். கனடாக் காடுகளின் பெரிய மான் அது. 1942 ஜூலையில் ஹாம்பர்க் தாக்குதலுக்குப் போன அவர் திரும்பவில்லை. படையணி அவருடைய செல்லப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. வெலிங்டன், ஹாலிஃபாக்ஸ், பிறகு கனடாவிலேயே தயாரான லங்காஸ்டர் என்று விமானங்கள் மாறின.

1943இல் ஹாம்பர்க்கை எரித்த தாக்குதல்களிலும் இந்தப் படையணி பறந்தது. அந்தத் தீயில் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டார்கள். வீரத்தைப் பேசும்போது இதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

[காட்சி: இருள். என்ஜின் ஓசை]

1944 ஜூன் 12, இரவு. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஆறு நாள். ஜெர்மானியப் படைகளுக்கு உதவி போய்ச் சேராதபடி பிரான்சின் கம்ப்ரே ரயில் நிலையத்தைத் தகர்க்க வேண்டும். அதற்குப் போன 419ஆவது படையணியின் லங்காஸ்டர் ஒன்றை வழியில் எதிரியின் இரவுப் போர் விமானம் சுட்டது. இடப்பக்க என்ஜின்கள் இரண்டும் செயலிழந்தன, தீ பரவியது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார்.

வால் கூண்டில் இருந்த பாட் பிரோஃபியால் முடியவில்லை. கூண்டு அசையவில்லை, கையால் சுழற்றும் பிடியும் ஒடிந்துபோனது.

விமானத்தின் முதுகிலிருந்த மேல் துப்பாக்கிக் கூண்டிலிருந்து இறங்கிய, கனடாவின் வின்னிபெக் நகரத்தவரான ஆண்ட்ரூ மைனார்ஸ்கி வெளியேறும் கதவருகே வந்துவிட்டார். குதித்திருக்கலாம். ஆனால் பிரோஃபி சிக்கியிருப்பதைப் பார்த்ததும் நெருப்பினூடே தவழ்ந்து போனார். கோடரியால் கூண்டை நெம்பினார், வெறுங்கையாலும் இழுத்தார். இடுப்புக்குக் கீழே உடை பற்றி எரிந்தது. பயனில்லை, போய்விடு என்று பிரோஃபி கையசைத்தார். மைனார்ஸ்கி அவரைப் பார்த்தபடியே பின்வாங்கிக் கதவை அடைந்தார். எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்த பிறகே குதித்தார். தரையில் பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயங்களால் இறந்தார்.

[காட்சி: விடியற்காலை வயல்]

குண்டுகளோடு தரையில் மோதிய விமானத்திலிருந்து பிரோஃபி தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார். அந்தத் தீக்குள் நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவரே. அவர் சொன்னதை வைத்துத்தான் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.