பெரிய ஆல்பங்கள் எல்லாமே பிடித்தாக வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. மதுரையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் பழைய ஆல்பங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். அவற்றில் உங்களுக்குப் பிடிக்காதவை எவை? மரியாதைக்காகத் தலையாட்டாமல் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்." படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

பீட்டில்ஸிலிருந்தே தொடங்கலாம். 1967இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. ராக் இசையில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ரிவால்வர்' இதைவிடப் பல படி மேல். அதில் ஒவ்வொரு பாட்டும் தனக்குத் தேவையானதை மட்டும் அணிந்துகொண்டு வருகிறது. பெப்பர்ஸில் நகை அதிகம், நடுவில் வரும் சில பாட்டுகளில் உடம்பே தெரியவில்லை. ஆனால் கடைசிப் பாட்டான 'எ டே இன் தி லைஃப்' முன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். அதன் முடிவில் மூன்று பியானோக்களிலும் ஒரு ஹார்மோனியத்திலும் ஒரே நேரத்தில் ஈ மேஜர் என்ற சுரக்கூட்டு விழுகிறது. முக்கால் நிமிடத்துக்கு அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அது தேயத் தேய, ஒலிப்பதிவாளர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகிறார். அதனால் கடைசியில் பியானோ அடங்கி, அது இருந்த அறை கேட்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், ஒரு நாற்காலி கிறீச்சிடும்.

அறைக்கு வந்துவிட்டேன், பார்த்தீர்களா? தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழக்கம். தவில் பற்றிப் பேசியபோதும் கோயில் பிராகாரத்தைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினேன். ஆனால் இதைச் சொல்லாமல் எந்த ஆல்பத்தைப் பற்றியும் என்னால் பேச முடியாது. வாசிப்பவர் ஒருவர், பதிவு செய்பவர் ஒருவர், அந்த அறை மூன்றாவது ஆள். அதற்குச் சம்பளம் இல்லை, அட்டையில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து 1982இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. ஒன்பது பாட்டுகளில் ஏழு, சிங்கிளாகத் தனியே வெளிவந்தன. அந்த ஏழில் முதலில் வந்த 'தி கேர்ள் இஸ் மைன்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இரண்டு பெரிய பாடகர்கள் சேர்ந்து சாதாரணமான ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார்கள். 'பில்லி ஜீன்' நேர் எதிர். தொடக்கத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு வெறும் டிரம்ஸ் மட்டும். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன், பேஸ் டிரம்முக்கென்று தனியாக ஓர் உறை தைக்கச் செய்து, ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கும் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுச் சிம்பலுக்கும் நடுவில் ஒரு பலகையும் வைத்தார். ஒன்றன் ஒலி இன்னொன்றில் கலக்கக் கூடாது, அறையும் உள்ளே நுழையக் கூடாது. அறையைத் திட்டமிட்டு வெளியே நிறுத்திய பதிவு அது. அதனால்தான் அந்தத் தாளம் உங்கள் நெற்றிப்பொட்டுக்கு மிக அருகில் கேட்கிறது. வேண்டும் என்றே செய்தால் அதுவும் அழகுதான்.

ஜாஸுக்கு வருகிறேன். நியூயார்க் நகரில் கிழக்கு 30ஆம் தெருவில், கொலம்பியா நிறுவனத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். மிக உயரமான கூரை, மரத்தரை. 1959ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரே அறையில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' மூன்றும் பதிவாயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' பற்றி மனத்தில் பட்டதையே சொல்கிறேன். முதல் உருப்படியான 'ஸோ வாட்' காபிக் கடைகளிலும் விமான நிலையங்களிலும் ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது. ஆனால் நல்ல ஸ்பீக்கரில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அது மறுபடி உயிர்பெறும். ஒன்றரை நிமிடம் கடந்ததும் மைல்ஸின் டிரம்பெட் தனி தொடங்கும் அந்தப் புள்ளியில், டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்தக் கார்வை எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது மேலே எழும்பி, கூரையைத் தொட்டு, டிரம்பெட்டுக்குப் பின்னால் விரிந்துகொண்டே இருக்கிறது. பஞ்சு அடைத்த சிறிய அறையில் அதே தட்டு சத்தமாக மட்டும்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் 2ஆம் தேதி பதிவின்போது மூல நாடா ஓடிய இயந்திரம் சற்றே மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டி இசைத்தட்டு ஆக்கியபோது, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாகவும் சுருதி தூக்கலாகவும் வந்துவிட்டன. 1992இல்தான் சரிசெய்து வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் கொண்டாடியது சுருதி தள்ளிய ஒரு பக்கத்தை! சுருதிப் பெட்டியைத் திருகி அரை மணி நேரம் சேர்க்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி.

அந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது கடைசியில் வரும் 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்'. ஐந்து ஸ்கேல்கள், அதாவது சுர வரிசைகள், அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு கலைஞரும் ஒன்றில் விரும்பும்வரை தங்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ராகமாலிகையில் விருத்தம் பாடுவதைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதே இல்லை. அவசரமே இல்லாத இசை.

'டைம் அவுட்'டில் வரும் 'டேக் ஃபைவ்'. ஐந்து எண்ணிக்கைத் தாளம் என்று மேற்கில் பெரிய ஆச்சரியமாகப் பேசுவார்கள். கண்டசாபில் தொடை தட்டிப் பழகிய நமக்கு அதில் என்ன ஆச்சரியம்? எண்ணிக்கைக்காக அதைப் புகழ்வதை நான் ஏற்கவில்லை. அதை எழுதிய பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் நாதத்துக்காகப் புகழுங்கள், தலைவணங்குகிறேன். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வருகிறது. பியானோ அதே சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அவர் இடைவெளி விட்டு விட்டுத் தட்டுகிறார். அந்த இடைவெளிகளில் யார் வாசிக்கிறார்கள் தெரியுமா? அதே தேவாலயக் கூரைதான்.

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கும் அதே கட்டடம்தான். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல், தன் 22ஆவது வயதில், இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' வாசித்தது அங்கே. 1981இல் அதையே மறுபடி வாசித்ததும் அங்கேதான். முதல் பதிவு 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். இரண்டாவதில் சில பகுதிகளைத் திரும்ப வாசிக்கிறார் என்பதும் நீளத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஆரியா என்ற தொடக்க மெட்டை மட்டும் பாருங்கள்: இளைஞராக இரண்டு நிமிடத்துக்குள் முடித்ததை, ஐம்பதை நெருங்கும்போது மூன்று நிமிடம் வாசிக்கிறார். எது உயர்ந்தது என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். என் தீர்ப்பு, ஆரியாவுக்கு 1981, வேரியேஷன்களுக்கு 1955. இரண்டிலும் பியானோவுக்கு அடியில் அவர் முனகிக்கொண்டே வாசிப்பது கேட்கும். அதைக் குறை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நாகஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் ஒலியை யாராவது குறை சொல்வார்களா?

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'வையும் சொல்லிவிடுகிறேன். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், நான்கு தடக் கேசட் இயந்திரத்தில் பதிவு செய்தார். அவை மாதிரிப் பதிவுகள்தான். பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு முயன்று பார்த்துவிட்டு, அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார். பிடிக்குமா என்றால், மிக மிகப் பிடிக்கும்.

நண்பர் பிடிக்காதவற்றைத்தான் கேட்டார், நான் பிடித்தவற்றுக்கு வந்துவிட்டேன். "இந்த ஆல்பம் எந்த அறையில் பதிவானது, அந்த அறையை எங்கே கேட்கலாம்?" இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேளுங்கள், ஒரு முழுக் காணொளி பேசுகிறேன். 30ஆம் தெருக் கட்டடம் இப்போது இல்லை. 1980களில் விற்று, இடித்து, அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த அறை இனி இசைத்தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த அறையிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்துக்கொள் என்றால், மைல்ஸை விட்டுவிட்டு மிங்கஸை எடுப்பேன். 1959 மார்ச்சில் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் இறந்தார். மே மாதம் அவருக்கு அஞ்சலியாக மிங்கஸ் பதிவு செய்தது 'குட்பை போர்க் பை ஹேட்'. டெனர் சாக்ஸபோன்கள் சேர்ந்து அந்த மெட்டை மிக மெதுவாக இழுக்கின்றன. பிறகு வரும் சாக்ஸபோன் தனியில் ஓரிடத்தில், ஜான் ஹேண்டி ஒரே சுரத்தை நாக்கால் படபடக்கச் செய்கிறார். அழுகையை அடக்கும்போது உதடு துடிக்குமே, அப்படி. இன்று இரவே கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

அடுத்த கேள்வி மிருதங்கத்தின் வலந்தலைக்குச் சோறு போடுவது பற்றி. எடுத்துக்கொள்வோம்.