பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்த கோல்கீப்பர்

அவைக்கு வணக்கம். மைதானத்திலிருந்து நேரே வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மெஸ்ஸியைப் பற்றிப் பேசுங்கள், எம்பாப்பேயைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியும். நான் பேச நினைப்பது லுட்ஸ் ஃபன்னன்ஷ்டீல் என்ற ஜெர்மன் கோல்கீப்பரைப் பற்றி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். ஒரு கைகூட எழவில்லை. தவறில்லை. அவர் உலகக் கோப்பையில் ஆடியவர் அல்ல. ஆனால் உலகக் கால்பந்தை நடத்துகிற ஃபிஃபா அமைப்பு இந்த உலகத்தை ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஓசியானியா என்று ஆறு கூட்டமைப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறதே, அந்த ஆறிலும் தொழில்முறையாகக் கால்பந்து ஆடிய முதல் மனிதர் அவர்தான். சுமார் 25 கழகங்கள். நான் அவரை லுட்ஸ் என்றே சொல்கிறேன், நாக்குக்கு அதுதான் வசதி.

1973-ல் ஜெர்மனியின் பவேரியாவில், செக் எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் ஸ்வீசல் என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மனியின் இளையோர் அணிக்கு ஆடியவர். அதே பவேரியாவில்தான் பயேர்ன் மியூனிக் என்ற பெரிய கழகம். அவர்களுடைய இரண்டாம் நிலை அணிக்கு வரும்படி அழைப்பு வந்தது. வேண்டாம் என்றார். 1993-ல், இருபது வயதில், விமானம் ஏறி மலேசியாவுக்குப் போனார். பினாங்கு அணிக்கு.

பெரிய இடத்துச் சம்பந்தத்தை உதறிவிட்டுப் போனவன் பைத்தியக்காரன் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் கோலில் நின்றவன். அதனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபார்வர்டு ஆடுகிற பையனுக்கு ஒரு அணியில் இரண்டு மூன்று வாசல் உண்டு. விங்கில் ஆடலாம், நடுவில் ஆடலாம், எழுபதாவது நிமிடத்தில் மாற்று ஆளாக இறங்கலாம். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே ஒரு இடம். அதில் ஒருவன் ஏற்கெனவே நிற்கிறான். அவன் காயப்பட வேண்டும், அல்லது பெரும் பிழை செய்ய வேண்டும். இரண்டையும் நாம் வேண்டிக்கொள்ளக் கூடாது. அப்படியானால் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து வருடம் போக்குவதா, ஆடக் கிடைக்கிற ஊரைத் தேடிப் போவதா? லுட்ஸ் போனார். இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியில் சேர்ந்தார், அங்கே முதல் அணியின் கோல் அவருக்குக் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆர்லாண்டோ பைரேட்ஸ், ஃபின்லாந்தில் ஹாக்கா, சிங்கப்பூரில் செம்பவாங், பிறகு கேலாங். ஒவ்வோர் ஊரிலும் புது டிஃபெண்டர்கள், புது மொழி. கோல்கீப்பருக்கு வாய்தான் பாதி ஆயுதம். "விடு", "என்னோடது", "ஆளைப் பிடி" என்று கத்தத் தெரியாவிட்டால் கார்னர் கிக் வரும்போது நீங்கள் ஊமை. பேசுகிற மொழியைக் கற்பதற்கு முன்னால் கத்துகிற மொழியைக் கற்க வேண்டும்.

இனி வருவது வலிக்கிற பகுதி.

சிங்கப்பூரின் தொழில்முறைக் கால்பந்து லீகான எஸ்-லீக் 1996-ல் தொடங்கியது. அதற்கு முன்பு சிங்கப்பூர் அணி மலேசியப் போட்டிகளில்தான் ஆடிக்கொண்டிருந்தது. 1994, 95-ல் மலேசியக் கால்பந்தில் வெடித்த சூதாட்ட ஊழலில் ஆட்டக்காரர்கள் கும்பல் கும்பலாக விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தின் நிழலில்தான் புது லீக் நடந்தது. கேலாங் அணியில் ஆடிக்கொண்டிருந்த லுட்ஸ் ஆட்டத்தை விலைபேசியதாகக் கைதானார். 2001-ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 101 நாள் உள்ளே இருந்தார். தான் குற்றமற்றவன் என்று அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். தீர்ப்பு தீர்ப்புதான், அதை மேடையில் நின்று நான் மாற்றி எழுத முடியாது. ஆனால் அயல்நாட்டில், சொந்தம் என்று ஒருவரும் இல்லாத ஊரில், வழக்கு மன்றத்தில் நிற்கிற ஒரு கூலி ஆட்டக்காரனின் தனிமையை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

சூதாட்டத் தரகர்கள் இப்படிப்பட்டவர்களைத் தேடி ஏன் வருகிறார்கள் தெரியுமா? இதைப் பிள்ளைகளின் பெற்றோர் நன்றாகக் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் பிறந்த தமிழர் வில்சன் ராஜ் பெருமாள். நம்மவர் என்பதால் மறைக்க வேண்டியதில்லை. அவர் 2011-ல் ஃபின்லாந்தில் பிடிபட்டு, அந்நாட்டின் வடக்கே ரோவானியெமி என்ற ஊரின் அணியை வைத்துச் செய்த ஆட்ட மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். லுட்ஸின் வழக்கோடு அவரை நான் முடிச்சுப் போடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அவர் விலைக்கு வாங்கியது யாரை? அந்த ஊர் அணியில் ஆடிய ஜாம்பியா, ஜார்ஜியா நாட்டுப் பையன்களை. உறைபனி ஊரில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருந்தவர்களை. நட்சத்திரத்தைத் தரகன் நெருங்க முடியாது, அவனைச் சுற்றி வக்கீலும் ஏஜென்ட்டும் இருப்பார்கள். பெட்டியோடு தனியாக வந்தவனிடம்தான் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவான்.

சம்பளக் கதையும் இதில்தான் வருகிறது. உலக ஆட்டக்காரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 2016-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டது. 54 நாடுகள், ஏறக்குறைய 14,000 ஆட்டக்காரர்கள். அவர்களில் 41 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகி இருக்கிறது. 45 சதவீதம் பேரின் மாதச் சம்பளம் 1,000 டாலருக்கும் கீழே. ஒப்பந்தக் காலம் சராசரியாக இரண்டு வருடம்கூட இல்லை. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கோபுரத்தின் கலசத்தை மட்டும். அதைத் தாங்கி நிற்கிற கல்லெல்லாம் இவர்கள்தான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற விதியை ஃபிஃபா 2018-ல்தான் எழுத்தில் கொண்டுவந்தது. எத்தனை தாமதம்! நான் ஆடிய காலத்தில் ஒரு டோர்னமென்ட்டில் பேசிய பணத்தில் பாதிதான் கொடுத்தார்கள். இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். வெட்கப்பட்டிருக்க வேண்டியவன் நான் இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகளே, பேசிய காசைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எழுதி வாங்கிக்கொண்டு ஆடுங்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்த லுட்ஸ் நியூசிலாந்தின் தெற்கே உள்ள டுனெடின் நகருக்குப் போய் ஆடினார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு இதில் இருக்கிறது. இங்கிலாந்தில் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். பூமியின் அந்தப் பாதியில் நம் கோடைதான் குளிர்காலம், கால்பந்தும் அப்போதுதான். ஒன்று முடியும்போது இன்னொன்று நடந்துகொண்டிருக்கும். ஆக வருடம் முழுக்க ஓய்வே இல்லாமல் ஆடலாம், வருடம் முழுக்கக் குளிரிலும் இருக்கலாம். குடும்பம் எங்கே இருக்கும், மூட்டு என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அப்படித்தான் 2002 டிசம்பரில் அவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருந்தார். பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ என்ற கழகம். ஒரு காலத்தில் பெரிய லீகில் இருந்து, இடம் இழந்து, கலைந்துபோய், மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறிவந்த கழகம். டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹாரோகேட் டவுனுடன் ஆட்டம். எதிரணி ஃபார்வர்டு ஓடி வருகிறான், லுட்ஸ் பந்தின் மேல் பாய்கிறார். ஓடி வந்தவனின் முழங்கால் மார்பில் இறங்கியது. மூச்சு நின்றுவிட்டது. அணியின் பிசியோ மண்டியிட்டு வாயோடு வாய் வைத்து ஊதி மீட்டார். மறுபடி நின்றது. மறுபடி மீட்டார். மூன்று முறை.

கோலில் நின்ற எவருக்கும் அந்த நொடி தெரியும். பந்துக்கும் கால்களுக்கும் நடுவே தலையைக் கொடுக்கிற நொடி. அதைச் செய்வதற்குத்தான் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஐம்பதாயிரம் பேர் முன்னால் செய்வது வேறு. சில நூறு பேர் தேநீர்க் கோப்பையோடு நிற்கிற மைதானத்தில், சின்னச் சம்பளத்துக்கு, அதே முழு மனதோடு பாய்வது வேறு. நான் இந்த மனிதரை மதிப்பது இந்த இடத்தில்தான். ஆறு கூட்டமைப்புச் சாதனை இதற்குப் பிறகு வருவதுதான்.

அவர் மறுபடியும் கையுறையை மாட்டினார். கனடா, அல்பேனியா, ஆர்மீனியா, நார்வே. கடைசியாக மிச்சமிருந்தது தென் அமெரிக்கா. 2008-ல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இபிராமா என்ற ஊரின் ஹெர்மான் ஐகிங்கர் கழகத்துக்கு ஆடி அந்த ஆறாவதையும் தொட்டார். அந்தக் கழகத்தின் பெயரைப் பாருங்கள், ஜெர்மன் பெயர். அந்த ஊரே ஜெர்மானியர்கள் குடியேறி உண்டாக்கிய ஊர். பவேரியாவிலிருந்து கிளம்பியவர் உலகத்தைச் சுற்றிவிட்டு, முன்பொரு தலைமுறை ஜெர்மானியர்கள் பெட்டியோடு போய் இறங்கிய ஊரிலேயே போய் நின்றார். ஆட்டக்காரராக அவருடைய கடைசி நிறுத்தம் நமீபியா, விண்ட்ஹுக் நகரின் ராம்ப்ளர்ஸ் அணி.

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து மலை தாண்டினால் மலப்புரம். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, விளக்கு வெளிச்சத்தில் அணிக்கு ஏழு பேராக செவன்ஸ் ஆடுவார்கள். கானா, நைஜீரியா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து ஒவ்வொரு பருவமும் ஆடுகிறார்கள். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஊருக்கு அவன் "சுடானி", அதாவது சூடான் நாட்டுக்காரன். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அவனுக்கென்று ஒரு நாடும் ஒரு பெயரும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கேரளத்தில் ஆட வந்த கானா நாட்டு இளைஞர் ஒருவர், ஊருக்குத் திரும்ப விமானம் இல்லாமல் மும்பை விமான நிலையத்தில் எழுபது நாளுக்கும் மேல் வாழ்ந்தார். 23 வயது. கையில் காசில்லை. காவலுக்கு நின்றவர்களும் நிலைய ஊழியர்களும் கொடுத்ததைச் சாப்பிட்டு, செடிகளுக்கு நடுவே பொழுதைக் கழித்தார். அடுத்த முறை இந்த ஊர் டோர்னமென்ட்டுக்கு வெளிநாட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு வந்தால், அவன் எங்கே தங்குகிறான், பேசிய பணம் கைக்குப் போனதா, ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருக்கிறதா என்று விழாக்குழு பார்க்க வேண்டும். இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

லுட்ஸ் பிறகு என்ன ஆனார் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஊர் ஊராக அலைந்ததில் சேர்ந்த அறிவு அவருக்குச் சோறு போட்டது. ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கழகம் அவரை ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையில் வைத்துக்கொண்டது. எந்த நாட்டில், எந்த வயலில், எவன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை ஏது? 2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புதிதாக உருவான கழகத்துக்கு விளையாட்டு இயக்குநரானார். அணியில் அப்போது ஒரு ஆட்டக்காரர்கூடக் கிடையாது. ஆள் சேர்ப்பது முழுக்க அவர் பொறுப்பு.

கோலுக்கு யாரைப் பிடித்தார் தெரியுமா? ரோமன் பூர்கி. சுவிட்சர்லாந்துக்காரர். ஜெர்மனியின் டார்ட்முண்ட் அணியில் பல வருடம் முதல் கோல்கீப்பராக இருந்தவர். பிறகு புது ஆள் வந்தார், பூர்கியின் இடம் போனது, வேலையில் இருந்துகொண்டே ஆடாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இருக்கிற ஒரே இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை லுட்ஸுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022-ல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். 2023-ல் செயின்ட் லூயிஸ் அணி அமெரிக்காவின் முதல்நிலை லீகான எம்.எல்.எஸ். போட்டியில் முதன்முதலாக இறங்கி, முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. புது அணி எதுவும் அதற்கு முன் அப்படித் தொடங்கியதில்லை. மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்த வருடம் லீகின் சிறந்த கோல்கீப்பர் விருது பூர்கிக்குக் கிடைத்தது.

நன்றி, வணக்கம்.