மேல ஒரு டேங்க், கீழ ஒரு டேங்க் – பேட்டரிக்குப் பதிலா தண்ணியில கரண்டைச் சேமிக்கலாமா?

வணக்கம்ங்க. போன வீடியோவுக்குக் கீழ நிறைய சந்தேகம் வந்திருக்கு. அதுல ஒண்ணை இன்னைக்கு எடுத்துக்கிறேன். கோத்தகிரி பக்கம், அரவேணு தாண்டி இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கார். படிக்கிறேன்: "எங்க தேயிலைத் தோட்டம் சரிவுல இருக்கு. மேல 2000 லிட்டர் டேங்க், கீழ வீட்டுப் பக்கம் அதே அளவுல இன்னொண்ணு. நடுவுல உயரம் 40 மீட்டர் இருக்கும். பகல்ல சோலார்ல மோட்டார் ஓட்டித் தண்ணியை மேல ஏத்திட்டு, ராத்திரி அதைக் கீழ விட்டு டர்பைன் சுத்தினா லைட் எரியாதா? பேட்டரி வாங்கி அலுத்துப்போச்சு. ஃப்ளைவீல்னும் ஒண்ணு வீடியோவுல பார்த்தேன், அது எப்படி?"

நல்ல கேள்விண்ணா. மலையில இருக்கிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது தோணுற யோசனைதான். எனக்கும் தோணுச்சு, கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் விட்டேன். வாங்க, அந்தக் கணக்கையே போடுவோம்.

2000 லிட்டர்னா 2000 கிலோ. உயரம் 40 மீட்டர். புவியீர்ப்புக்கு 9.8. மூணையும் பெருக்குங்க, 7,84,000 ஜூல் வரும். கேட்க ஏதோ லட்சக்கணக்குல இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. ஒரு யூனிட் கரண்டுங்கிறது 1000 வாட்-அவர், அதாவது 36 லட்சம் ஜூல். அப்போ உங்க டேங்க் நிறைய இருக்கிறது மொத்தமே கால் யூனிட்டுக்கும் குறைவு, 218 வாட்-அவர். அதுவும் முழுசாக் கைக்கு வராது. சின்ன டர்பைன், சின்ன ஜெனரேட்டர், பைப்புல உரசல் எல்லாம் போக பாதி வந்தாலே பெரிய விஷயம். 110 வாட்-அவர்னு வெச்சுக்குவோம். ஒரு 10 வாட் பல்பு விடிய விடிய 11 மணி நேரம் எரியும். ஒரே ஒரு பல்புங்க. அந்தத் தண்ணியை மேல ஏத்த உங்க வீட்டு மோட்டார் எவ்வளவு தின்னும்? சின்ன மோட்டாருக்கு 40 சதவீதத் திறன்னு எடுத்தா, 550 வாட்-அவர் கிட்ட. அஞ்சு ரூபா போட்டு ஒரு ரூபா எடுக்கிற வியாபாரம்.

சரி, பெருசா கட்டிக்கலாமேன்னு கேட்பீங்க. மரம் விழுந்து கரண்ட் போன நாள்ல லைட்டு, டிவி, ஒரு ஃப்ரிட்ஜ் இதுக்கெல்லாம் ரெண்டு யூனிட் வேணும்னா, 36,000 லிட்டர் இறக்கணும். மேல 18 டேங்க், கீழ 18 டேங்க். தேயிலைச் செடி வைக்க இடம் இருக்காது. ஒரு சாதாரண 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரியை எடுங்க. 12 வோல்ட்டால பெருக்கினா 1.8 யூனிட். ஈய-அமிலம், பாதிக்கு மேல இறக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடா இருந்தாலும் 0.9 யூனிட் உங்க கைல. ஸ்டூலுக்கு அடியில அடங்குற பெட்டி, உங்க டேங்க் எட்டுக்குச் சமம்.

தண்ணி ஏமாத்துதுன்னு இல்லைங்க. கரண்டுங்கிறது எவ்வளவு அடர்த்தியான சமாச்சாரம்னு நமக்குத்தான் தெரியறதில்லை. ஒரு யூனிட்டை வெச்சு, வீணாகாம இருந்தா, ஆயிரம் லிட்டர் தண்ணியை 367 மீட்டர் தூக்கலாம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுற உயரத்துல கிட்டத்தட்ட கால்வாசி. ஒரு டன் சுமையை! அதை ஒரு டீ காசுக்கு வாங்கிட்டு, காலி ரூம்ல ஃபேனை ஓட விடுறோம்.

அப்போ மின்வாரியம் மட்டும் எப்படிப் பண்ணுதுன்னா, அவங்ககிட்ட ரெண்டு விஷயம் இருக்கு: உயரமும் ஏரியும். பைக்காரா பவர் ஹவுஸ் 1932லயே ஓட ஆரம்பிச்சது. சிங்காரா பக்கம் தண்ணி சுமார் 3000 அடி இறங்கிப் பெல்டன் சக்கரத்துல, அதாவது விளிம்புல கிண்ணம் கிண்ணமா வெச்ச டர்பைன்ல, அடிக்குது. அந்த உயரத்துல ஆயிரம் லிட்டருக்கு ரெண்டு யூனிட் தேறும். ஆனா அது ஏத்தி இறக்குற திட்டம் இல்லை. மழையும் வெயிலும் சும்மா ஏத்திக் கொடுத்த தண்ணி. நீங்க கேட்கிற மாதிரி ஏத்தி இறக்குறது ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில இருக்கு, நாலு மெஷின், 400 மெகாவாட். நம்ம நீலகிரியிலயே குந்தா நீரேற்று நிலையம்னு 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்குது. மேல போர்த்திமந்து அணை, கீழ அவலாஞ்சி-எமரால்டு அணை. காத்தாலை நல்லா சுத்துற நேரம், பகல்ல சோலார் மிஞ்சுற நேரம் தண்ணியை மேல தள்ளிட்டு, சாயங்காலம் ஊரே ஸ்விட்சைப் போடும்போது இறக்குவாங்க. பெரிய மெஷின்ங்கிறதால நூறு யூனிட் போட்டா 75, 80 திரும்பி வரும். உங்க யோசனைதாண்ணா அது, அளவுதான் வேற.

ஃப்ளைவீலுக்கு வர்றேன். கனமான சக்கரத்தைச் சுத்த விட்டு, அந்தச் சுத்துலயே சக்தியைச் சேமிக்கிறதுதான் அது. தையல் மிஷின்ல காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்துதுல்ல, அதேதான். பழைய டீ ஃபேக்டரி ஆயில் எஞ்சின்ல ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம் பார்த்திருப்பீங்க, எஞ்சின் திணறாம ஓடுறதுக்காக வெச்சது. கணக்கு பாருங்க: நூறு கிலோ எடை, ஒரு மீட்டர் குறுக்களவு உள்ள தட்டு, நிமிஷத்துக்கு 600 சுத்து. அதுல அடங்குறது 7 வாட்-அவர்! செல்ஃபோன் பேட்டரியில இதைவிட அதிகமா இருக்கும். ஆனா அந்த ஏழையும் ஒரே செகண்டுல பிடுங்கலாம், 25 கிலோவாட் கிடைக்கும். பேட்டரி அப்படிக் கொடுக்கத் திணறும். அதனால ஃப்ளைவீல் செகண்ட் கணக்கு வேலைக்கு. இங்கிலாந்துல கல்ஹாம்ங்கிற இடத்துல ஜெட்னு ஒரு அணுக்கரு இணைவு ஆராய்ச்சி உலை இருந்துச்சு. அதுக்கு ஒரு நொடியில தேவைப்படுற கரண்டைக் கம்பியில இழுத்தா ஊரே இருட்டாகிடும்னு, 775 டன் சக்கரம் ரெண்டை முன்கூட்டியே சுத்த விட்டு வெச்சிருந்தாங்க. நீங்க பார்த்த வீடியோ அநேகமா அந்த "ஃப்ரீ எனர்ஜி" ரகமா இருக்கும்: மோட்டார் சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் ஜெனரேட்டரைச் சுத்தும், ஜெனரேட்டர் மோட்டாரை ஓட்டும். டேபிளுக்கு அடியில ஒரு வயர் போகும், அதை மட்டும் காட்ட மாட்டாங்க. சக்கரம் கொடுக்கிறது நாம போட்டதுதான், அதுலயும் பேரிங் கமிஷன் எடுத்துக்கும்.

காத்தை அழுத்தி வைக்கிறது? ஜெர்மனியில ஹுன்டார்ஃப்ல 1978ல இருந்து உப்புச் சுரங்கத்துக்குள்ள அடைச்சு வெச்சு ஓட்டுறாங்க. வீட்டுக்கு வேண்டாம். சைக்கிள் பம்பு அடிச்சா அடிப்பக்கம் சுடுதுல்ல, உங்க கரண்ட் அந்தச் சூடாத்தான் போகும்.

சரி, சூடுன்னதும்தான் நான் சொல்ல வந்தது. நம்ம ஊர்ல கரண்ட் பெருசா எதுக்குப் போகுது? சுடுதண்ணிக்கு. நூறு லிட்டர் தண்ணியை 15 டிகிரியில இருந்து 50 டிகிரிக்கு ஏத்தினா நாலு யூனிட். உங்க 2000 லிட்டர் மேல இருந்து விழுந்து கொடுக்கிறது கால் யூனிட் கூட இல்லை, நூறே நூறு லிட்டர் சூடாகி நின்னா நாலு யூனிட்! அதனால பகல்ல சோலார் மிஞ்சினா, நல்லா பஞ்சு சுத்தின கீசர் டேங்க்ல ஹீட்டரைப் போட்டு விடுங்க. காலையில குளிக்கிற வரைக்கும் சூடு நிக்கும். அதைத் திரும்பக் கரண்டா ஆக்க முடியாது, ஆனா குளிக்கப் போறவருக்கு அது எதுக்கு? பேட்டரியை லைட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மட்டும் விடுங்க, பாதிச் சுமை குறையும்.

மேல் டேங்க்கும் வீண் இல்லை. பகல்ல சோலார்ல தண்ணியை ஏத்திட்டு, கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் சாயங்காலம் மோட்டார் இல்லாமலே பாய்ச்சுங்க. அதுவும் சேமிப்புதான். கரண்டா மாத்துற வேலையே இல்லாததால, இறங்கும்போது வர்ற நஷ்டமும் இல்லை.

பேட்டரி அலுத்துப்போச்சுன்னீங்க. எங்கே வெச்சிருக்கீங்கன்னு எழுதலையே? ஈய-அமில பேட்டரிக்குக் கணக்கெல்லாம் 27 டிகிரியில. நம்ம ஊர்ல ஜனவரி காலை 8 டிகிரின்னா 15, 20 சதவீதம் குறைவாத்தான் கொடுக்கும். பேட்டரி செத்துப்போச்சுன்னு நினைச்சுக் கழட்டிப் போட்டவங்க உண்டு. உண்மையில குளிர்ல அது நீண்ட நாள் உழைக்கும், 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதியாகும்னு சொல்ற சரக்கு. ஹைட்ரோமீட்டர்னு அமிலத்தோட அடர்த்தியைக் காட்டுற ஒரு கருவி வாங்கி, முழு சார்ஜுக்குப் பிறகு ஒவ்வொரு செல்லா உறிஞ்சிப் பாருங்க. மிதவை அஞ்சு செல்லுல 1.240 பக்கம் நின்னு, ஒண்ணுல மட்டும் அடியில போய் உட்கார்ந்தா அந்த செல்தான் பழுது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தா, சார்ஜ் பத்தலைன்னு அர்த்தம். மழை மாசத்துல சோலார்ல பெரும்பாலும் அதுதான்.

லித்தியம் வாங்கினா ஒண்ணு கவனிங்க. தலைக்குந்தா பக்கம் ஒரு வீட்டுல வராந்தாவுல மாட்டினது, உறைபனி விழுந்த காலையில சார்ஜே ஏறலை. கம்பெனிக்காரங்களைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா செல் கெட்டுடும்னு உள்ள இருக்கிற பலகையே நிறுத்திடுது, கோளாறு இல்லை. பேட்டரியைச் சமையல்கட்டுச் சுவருக்கு மறுபக்கம் மாத்தினோம், சரியாச்சு. ஈய-அமிலம்னா மட்டும் அடைச்ச அறையில வேண்டாம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கணப்புப் பக்கமும் கூடாது.

கடைசியா, அந்த 40 மீட்டர் கண்ணால போட்டதா, அளந்ததா? ஃபோன் ஆப்பை நம்பாதீங்க. மேல் டேங்க் பைப்புல கீழ்ப்பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, எல்லாக் குழாயையும் மூடிட்டுப் பாருங்க. முள் 4 கிலோவுல (சதுர சென்டிமீட்டருக்கு) நின்னா 40 மீட்டர் சரி. எவ்வளவு காட்டுதுன்னு எழுதுங்கண்ணா, சொட்டு நீருக்கு என்ன பைப் போடலாம்னு அதை வெச்சுச் சொல்றேன்.