கூப்பன் அரிசியும் அஸ்வெசும பட்டியலும்

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வரவு செலவுத் திட்டமும் சமூக நலனும்’. தந்த நேரத்துக்குள் இது அடங்காது. அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். 1953இல் அரிசி விலையைக் கூட்டப் போய் நம் இலங்கையில் ஒரு பிரதமர் பதவியை விட்டுப் போனார். 1979இல் அந்த அரிசி மானியத்தையே எடுத்தார்கள், அரசாங்கம் ஆடவில்லை. இரண்டு தடவையும் மேலே இருந்தவர் ஒரே ஆள்தான், ஜே. ஆர். ஜெயவர்தன. முதல் தடவை நிதி அமைச்சர், இரண்டாம் தடவை ஜனாதிபதி. இடையில் அவர் என்ன கற்றுக்கொண்டார்?

1953இன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கொரிய யுத்தம் நடந்தபோது றப்பருக்கு நல்ல விலை இருந்தது. அந்த விலை விழுந்தது. வெளியிலிருந்து வாங்கும் அரிசியின் விலையோ ஏறியே நின்றது. அரசாங்கப் பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசி ஒரு கொத்து (ஏறக்குறைய ஒரு கிலோ) 25 சதம். 1952 தேர்தலில் இந்த விலையைக் காப்பதாகச் சொல்லித்தான் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் கட்சி வாக்குக் கேட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் 25 சதம் 70 சதமாயிற்று. அதோடு விட்டார்களா? பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவை நிறுத்தினார்கள், ரயில் கட்டணத்தையும் தபால் கட்டணத்தையும் கூட்டினார்கள்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால். லங்கா சமசமாஜக் கட்சியும் மற்ற இடதுசாரிகளும் அழைத்தார்கள். வடக்கில் தமிழரசுக் கட்சி ஆதரித்தது. தென்மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். அமைச்சரவை தரையில் கூடுவதற்குப் பயந்து கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்ட்லாந்து’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடியது. சுதந்திரம் வாங்கி ஐந்து வருஷம்தான். அதற்குள் சொந்த மக்களிடமிருந்து வெள்ளைக்காரன் கப்பலில் ஒளிய வேண்டி வந்துவிட்டது! அக்டோபரில் டட்லி விலகினார். பின்னால் வந்தவர் விலையை இறக்கினார்.

அதற்குப் பிறகு அந்த அரிசியில் கைவைக்க எல்லோருக்கும் பயம். 1962இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டைக் கொஞ்சம் குறைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்ததில் நிதி அமைச்சு போயிற்று. 1966இல், மறுபடி பிரதமராக இருந்த டட்லி இரண்டு கொத்தை ஒன்றாக்கினார், ஆனால் அந்த ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்துத் தருவோம் என்று 1970 மேடைகளில் எதிரணி முழங்கியது. டட்லி தோற்றார்.

இத்தனை பயம் ஏன்? அந்தக் கூப்பன் எல்லோர் கையிலும் இருந்தது. கொழும்பில் கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞர், மொறட்டுவைத் தச்சர், பருத்தித்துறை ஆசிரியர் எல்லோரும் ஒரே சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில்தான் நின்றார்கள். விலை கூடியபோது அடி எல்லோருக்கும் ஒரே நாளில் விழுந்தது. தேநீர்க் கடையில் பேச ஒரே விஷயம். பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவன், கூட்டம் போடத் தெரிந்தவன், ரயிலை நிறுத்தத் தெரிந்தவன், எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

ஜெயவர்தன கற்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். 1978 தொடக்கத்தில் ஒரு வருமான எல்லை வந்தது. மாதம் 300 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கூப்பன் அரிசி இல்லை. கிட்டத்தட்டப் பாதி நாடு வரிசையிலிருந்து வெளியே போயிற்று. கேட்டால் பதில் ரெடி: “உங்களுக்கு எதற்கு? ஏழைக்குத்தானே வேண்டும்?” இதை எதிர்த்து யார் என்ன சொல்வது! ஒன்றரை வருஷம் கழித்து, 1979 செப்டம்பரில், மிச்சப் பாதிக்கும் அரிசி நின்றது. அதற்குப் பதிலாக உணவு முத்திரை.

முத்திரையைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபாய், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20, அதற்கு மேல் 15. அரிசி, மா, பாண், சீனி, பருப்பு, கருவாடு வாங்கலாம். மிஞ்சினால் தபால் கந்தோரில் சேமிப்பாகப் போடலாம் என்றும் ஏற்பாடு இருந்தது. மிஞ்சினால்! காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். அரிசி மட்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது.

ஆனால் கூப்பனில் அரசாங்கம் கொடுத்த வாக்கு அரிசிக் கணக்கில் இருந்தது. உலகச் சந்தையில் என்ன விலை விற்றாலும் உன் பங்குக்கு இத்தனை கொத்து. விலை ஏறினால் திறைசேரிக்குத் தலைவலி. முத்திரையிலோ வாக்கு ரூபாய்க் கணக்கில் இருந்தது. விலை ஏறினால் திறைசேரிக்கு ஒன்றுமில்லை, அடுப்படிக்குத்தான் தலைவலி. 1980இல் மட்டும் விலைவாசி நூற்றுக்கு 26 ஏறியது. முத்திரையில் அச்சடித்த ரூபாய் அப்படியே நின்றது. சில வருஷத்தில் அதன் பெறுமதி பாதிக்கு வந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் தேசிய உற்பத்தியில் சுமார் ஐந்து சதவீதமாக இருந்த உணவு மானியச் செலவு 1984இல் 1.3 சதவீதம். இந்த வெட்டுக்கு ஒரு வரவு செலவுத் திட்ட உரை வேண்டியிருக்கவில்லை, பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டியிருக்கவில்லை. யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்த அடியும் சேர்ந்ததுதான் பிந்திய அமைதி. ஆனால் அது சம்பளக்காரரின் போராட்டம். முத்திரைக்காரர் வேறு இடத்தில் நின்றார்கள்.

தோட்டத் தொழிலாளரையும் இங்கே சொல்லியாக வேண்டும். வருமானத்தைப் பார்த்துப் பட்டியல் போடும் திட்டம் எதிலும் அவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சம்பளம் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் தன் வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம், கமக்காரர் விளைச்சலைக் குறைத்துச் சொல்லலாம். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் குடும்பம் எதை மறைக்கும்? கணவனும் மனைவியும் வேலைக்குப் பெயர் போட்டாலே எல்லை தாண்டிவிடும். பிறகு வந்த சமுர்த்தி என்ற வறுமை நிவாரணத் திட்டத்திலும் இதே கதைதான்.

இடையில் 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. அதில் 1,458 ரூபாய் சாப்பாட்டுக்கு, மிச்சம் சேமிப்புக்கு. 2,500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. உலக வங்கிக் கணக்கில் வறுமை ஒரே வருஷத்தில் 13 சதவீதத்திலிருந்து 25க்குப் போனது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி, ஜூலையிலிருந்து சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு. நான்கு படி வைத்தார்கள். மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, கடைசியில் ‘இடைநிலை’ என்று ஒரு படி, அதற்கு மாதம் எவ்வளவு? 2,500. முப்பத்து நான்கு வருஷம் கழித்து, அதே 2,500! 1989இல் அந்தக் காசுக்கு ஒரு வீடு மாதம் தள்ளும். 2023இல் சமையல் எரிவாயு ஒரு சிலிண்டருக்கே பத்தாது. அதுவும் முதலில் வருஷ முடிவு வரைக்கும்தான் என்றார்கள்.

சமுர்த்தி நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பட்டியலில் கட்சிக்காரரின் கை இருந்தது ஊருக்கே தெரியும். மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றி எதை வைத்தார்கள்? 22 குறிகாட்டிகள். கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, குடும்ப அமைப்பு என்று புள்ளி போட்டுக் கணினி சொல்லும். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் முச்சக்கரவண்டி நிற்கிறது. லீசிங் தவணை கட்டாமல் ஆறு மாதம். உள்ளே அம்மா தையல் மெஷின் மிதிக்க முடியாமல் மோட்டார் போட்டிருக்கிறார், கரண்ட் யூனிட் ஏறியிருக்கிறது. படிவத்துக்கு இந்த வீட்டில் வாகனம் உண்டு, மின்பாவனை உண்டு. கடன் தெரியாது. பட்டியல் வெளிவந்த உடனே பிரதேச செயலகங்களின் முன்னால் கூட்டம் கூடியது. ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடு. விண்ணப்பித்தவை ஏறக்குறைய 37 இலட்சம் குடும்பங்கள் என்றால் நாலில் ஒன்று!

சரி, இது ஏன் 1953 ஆகவில்லை? ஒன்பது இலட்சம் மேன்முறையீடும் ஒன்பது இலட்சம் தனிக் கடிதம். எனக்கு ஏன் இல்லை, அடுத்த வீட்டுக்கு ஏன் உண்டு என்றுதான் ஒவ்வொன்றும் கேட்டது. கோபம் திறைசேரிக்குப் போகவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் போனது, இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தர் தலையில் விழுந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். கொடுக்கத்தான் 22 கேள்வி. எடுக்க ஒரு கேள்வியும் இல்லை. 2019 கடைசியில் வற் வரியை, வாங்கும் பொருளோடு சேர்த்துக் கட்டும் அந்த வரியை, நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆக்கி அரசின் வருமானத்தை வெட்டினார்கள். 2024 ஜனவரியில் அது 18. மிக வறியவர் கடையில் சவர்க்காரம் வாங்கினால் அவரும் அதே 18தான் கட்டுகிறார். அங்கே வீட்டுக் கூரை தகரமா ஓடா என்று யாரும் பார்ப்பதில்லை.

(உரை முடிந்ததும் சபையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டார்: “எல்லாருக்கும் திரும்பவும் கூப்பன் அரிசி குடுக்கலாம் எண்டு சொல்லுறீங்களா? காசு எங்க?”)

இல்லை தம்பி, அப்படிச் சொல்லவில்லை. 2024இல்கூட அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போன நாடு இது. நான் கேட்பது சின்ன விஷயம். 2025 ஜனவரியில் வறியவருக்கு 10,000, மிக வறியவருக்கு 17,500 என்று கூட்டினார்கள். நல்லது. ஆனால் அது ஓர் அரசாங்கம் எடுத்த முடிவு. விலை ஏறினால் தானாக ஏறும் என்ற ஏற்பாடு கிடையாது. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 டிசம்பரில், வெளிநாட்டுப் பிணைமுறிக்காரரோடு, அதாவது நாட்டின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவர்களோடு, கடன் மறுசீரமைப்பு முடிந்தது. பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் இல்லை, பார்த்தீர்களா? அதேபோல ஒரு வரியை நலன்புரிச் சட்டத்தில் எழுத என்ன தடை என்று, வரவு செலவுத் திட்டத்தின் அடுத்த குழுநிலை விவாதத்தில் உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் எழும்பும்போது கேட்கச் சொல்லுங்கள்.