2020 ஜனவரிச் சம்பளச் சிட்டையும் ஒரு வேட்பாளரின் துண்டுப்பிரசுரமும்

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் மேல்தளத்திலிருந்து இன்று பேசுகிறேன். கீழே கரையோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது மட்டும் பேச்சைச் சற்று நிறுத்திக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதச் சம்பளச் சிட்டை. அதற்கு முந்தைய மாதச் சிட்டையில் 'உழைக்கும்போதே செலுத்தும் வரி' என்று ஒரு வரி இருந்தது. ஜனவரியில் அது இல்லை. கோட்டாபய ராஜபக்சவின் புதிய அரசாங்கம் அந்த வரியையே நீக்கிவிட்டது. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மிஞ்சிய காசைச் சில மாதங்கள் சேர்த்து ஒரு சிறிய மைக் வாங்கினேன். இப்போது என் சட்டையில் குத்தியிருப்பது அதே மைக்தான். ஆகவே, நெருக்கடிக் காலத்தில் ஒரு வேட்பாளர் ஆட்சிக்குத் தயாரானவரா என்பதை எப்படி மதிப்பிடுவது என்று இன்று பேசப்போகும் நான், அந்தச் சோதனையில் ஒருமுறை தோற்றவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019இல் நடந்தது ஒளித்து மறைத்துச் செய்யப்பட்டதல்ல. பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைப்போம் என்பது தேர்தலுக்கு முன்பே மேடைகளில் சொல்லப்பட்டது. அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை ஆபத்தான வாக்குறுதி என்றார். இப்படியே நடைமுறைப்படுத்தினால் நாடு வங்குரோத்து அடைந்து இன்னொரு வெனிசுவேலாவாகவோ கிரேக்கமாகவோ ஆகிவிடும் என்றும் எச்சரித்தார். எதிர்த்தரப்பு அமைச்சர் தேர்தல் காலத்தில் வேறு எப்படித்தான் பேசுவார் என்று நினைத்து நான் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போனேன். அந்த ஆண்டு டிசம்பரிலேயே வரி குறைந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீங்கியது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியன் ரூபாய்க்கு உயர்ந்தது. இதில் வீதக் குறைப்பைவிட எல்லை உயர்வையே நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஏனென்றால் வீதத்தை ஒரே வர்த்தமானியில் மீண்டும் கூட்டிவிடலாம், ஆனால் வரிப் பதிவேட்டிலிருந்து வெளியேறிய வியாபாரிகளைத் திரும்பக் கொண்டுவருவது ஆண்டுக்கணக்கான வேலை.

பிறகு கொரோனா வந்தது, சுற்றுலா வருமானம் நின்றது, கடன் தரப்படுத்தல் இறங்கியது, சர்வதேசச் சந்தையில் புதிய கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அதே மாதம் கொழும்பில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயாக ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 ஜனவரியில் என் சம்பளச் சிட்டைக்கு அந்த வருமான வரி முன்னைவிடக் கனமாகத் திரும்பி வந்தது. மாதம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் உழைக்கும் எல்லோரும் அதற்குள் அடங்கினார்கள், மேல்மட்ட வீதம் 36 சதவீதம். வரிச்சலுகையில் வாங்கிய மைக்கின் விலையைப் போல எத்தனை மடங்கு திருப்பிக் கட்டியிருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. 2008 செப்டெம்பர் 15ஆம் திகதி அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது ஜனாதிபதித் தேர்தலுக்கு ஏழு வாரங்களே இருந்தன. அன்றைய தினமே குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜோன் மெக்கெய்ன், பொருளாதாரத்தின் அடிப்படைகள் வலுவாக இருக்கின்றன என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, நெருக்கடியைத் தீர்க்கப் பிரசாரத்தையே இடைநிறுத்துவதாகவும் 26ஆம் திகதி விவாதத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். மறுநாள் வெள்ளை மாளிகையில் கூடிய கூட்டம் உடன்பாடின்றி முடிந்தது. அதற்கு அடுத்த நாள், எந்த உடன்பாடும் எட்டப்படாத நிலையிலேயே, அவர் விவாத மேடைக்குப் போனார். எதிர் வேட்பாளர் பராக் ஒபாமா பதறாமல் நின்றார் என்பதால் அவரே தயாரானவர் என்ற எண்ணம் பரவியது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நிதானமான முகம் ஒரு திட்டம் ஆகிவிடாது. 700 பில்லியன் டொலர் மீட்புச் சட்டமூலம் செனற் சபைக்கு வந்தபோது இருவரும் ஆதரவாகவே வாக்களித்தார்கள். ஆகவே பொருளாதார அறிவில் யார் மேல் என்பதை அந்தப் பத்து நாள்கள் காட்டவில்லை. காலையில் 'எல்லாம் வலுவாக இருக்கிறது' என்று சொன்னவர், அது பிழைத்தபோது, 'நான் நினைத்தது தவறு, நிலைமை இதுதான்' என்று மக்களிடம் சொன்னாரா, அல்லது ஏதோ ஒன்றைச் செய்வதாகக் காட்டிக்கொள்ள ஓடினாரா என்பதைத்தான் அவை காட்டின.

என்னுடைய அளவுகோலும் அங்கிருந்தே வருகிறது. வாக்கை இழக்கக்கூடிய நேரத்தில், கெட்ட செய்தியை, தொகையோடு, தாமாகவே சொல்கிறாரா என்று நான் பார்க்கிறேன். இந்தச் சொற்களில் ஒன்றையும் விட்டுவிட முடியாது. 2022 மே மாத முற்பகுதியில் நிதி அமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய வெளிநாட்டுக் கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று பாராளுமன்றத்தில் சொன்னார். மே 16ஆம் திகதி, பிரதமராகி நான்கு நாள்களே ஆன ரணில் விக்கிரமசிங்க, ஒரு நாளுக்குப் போதுமான பெற்றோல் மட்டுமே இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டும் உண்மை, இரண்டும் தொகையோடு சொல்லப்பட்டவை, மதிக்கத்தக்கவை. ஆனால் எரிபொருள் நிலையத்து வரிசையில் இரவைக் கழித்துவிட்டு வந்த மக்களுக்கு அது புதிய செய்தியா என்ன? ஒரு ஆண்டுக்கு முன்னர், கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது அதைச் சொல்லியிருந்தால்தான் சொன்னவர் எதையாவது இழந்திருப்பார்.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்கு இதே கோலைக் கொண்டுபோனேன். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் ஏற்பட்ட சுமார் 3 பில்லியன் டொலர் ஏற்பாடு அப்போது நடைமுறையில் இருந்தது. அரச கடனை 2032ஆம் ஆண்டளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும்; வட்டிக் கொடுப்பனவைச் சேர்க்காத முதன்மை நிலுவையில் 2025 முதல் அதே உற்பத்தியின் 2.3 சதவீத அளவு மிகை காட்ட வேண்டும். யார் வென்றாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய ஒழுங்கைக்குள்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். பிரதான எதிரணி வேட்பாளர்கள் இருவருமே நிபந்தனைகளை மீளப் பேசுவோம் என்றார்கள். எந்த எண்ணை மாற்றக் கேட்பீர்கள், அது மாறாவிட்டால் எந்த வாக்குறுதியைக் கைவிடுவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வருமா என்று கூட்டங்களின் காணொளிகளைப் பொறுமையாகப் பார்த்தேன். அப்படியொரு பதில் என் காதில் விழவில்லை. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னர் பழைய அரசாங்கம், நாட்டுக்குக் கடன் கொடுத்திருந்த பிணைமுறிதாரர்களோடு கொள்கையளவில் ஓர் இணக்கப்பாட்டை எட்டியது. அநுர குமார திசாநாயக்கவின் புதிய அரசாங்கம் சில வாரங்களிலேயே அதை ஏற்றுக்கொண்டு நாணய நிதியத்தின் பாதையிலேயே தொடர்ந்தது.

இதைத் துரோகம் என்பவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுவலகத்துக்குள் போய்க் கோப்பைத் திறந்து பார்த்தவுடன் கருத்தை மாற்றிக்கொள்வது தகுதியின் ஒரு பாதிதான். கோப்பில் இருந்தவை பெரும்பாலும் பகிரங்கமாகவே கிடைத்தவை என்பதால், மற்றப் பாதியை அவர்கள் செப்டெம்பரிலேயே காட்டியிருக்கலாம் என்பதே என் குறை. வெளிப்படையாகப் பேசியவர் என்று அறியப்பட்ட ரணில் விக்கிரமசிங்கவுக்கு அந்தத் தேர்தலில் 17.27 சதவீதமே கிடைத்தது என்பதையும் பார்த்தால், வேட்பாளர்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது விளங்காமல் இல்லை.

(ரயில் போகிறது. நன்றி, தொடர்கிறேன்.)

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு மாமி இருக்கிறார். அரச திணைக்களம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னர் ஒரு வேட்பாளர் ஆதரவாளர்களோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். கட்சியையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் ஐந்தாவது அம்சம், அத்தியாவசியப் பொருள்களுக்குப் பெறுமதி சேர் வரி நீக்கம். எட்டாவது அம்சம், ஓய்வூதிய அதிகரிப்பு. மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்தவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்து, முழுவதையும் வாசித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, நூறு ரூபாய்ச் சாமானுக்கு நான் பதினெட்டு ரூபாய் வரி கட்டுகிறேன். அந்தப் பதினெட்டும் வேண்டாம் என்கிறீர்கள், நல்லது. எனக்கு ஓய்வூதியமும் கூட்டித் தருவோம் என்கிறீர்கள், அதுவும் நல்லது. இரண்டையும் ஒரே பையிலிருந்து எடுக்கப்போகிறீர்களா, அல்லது வேறு பை இருக்கிறதா?"

வேட்பாளர் சிரித்தார். "ஊழலை ஒழித்தால் எல்லாவற்றுக்கும் காசு இருக்கிறது, அம்மா. மிச்சத்தை எங்கள் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

"அந்த நிபுணர் முடியாது என்று சொன்னால் நீங்கள் கேட்பீர்களா?"

அதற்குள் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் அடுத்த வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டார்.

மாமியின் இரண்டாவது கேள்வி முதலாவதைவிட ஆழமானது. முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவரை ஆட்சியாளர் பக்கத்தில் வைத்திருப்பாரா என்பதே அது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க, பதவியேற்றவுடன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். அன்று அதை விரும்பிய அரசியல்வாதி எவரும் இருந்திருக்க மாட்டார். 2023இன் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடும் வழியையும் அடைத்துவிட்டது. ஆகவே இனி ஒரு வேட்பாளர் 'எப்படியாவது செய்வோம்' என்று சொல்லும்போது, அந்த 'எப்படியாவது' என்பதற்குப் பழைய கதவுகளில் ஒன்று இல்லை. அவரது பட்டியலில் திறைசேரியையும் வரித் திணைக்களத்தையும் அறிந்தவர் யார், அவர் முன்னர் எப்போதாவது தன் தலைவரோடு பகிரங்கமாக மாறுபட்டிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது, விஞ்ஞாபனத்தை நூறு பக்கம் வாசிப்பதைவிடப் பயன் தரும். பொருளாதார முகாமைத்துவத்தில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதிகள், நிதி அமைச்சர், மத்திய வங்கி ஆளுநர்கள் ஆகியோர் குறித்து உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் திகதி தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வந்து சேர்ந்தபோது எங்கள் சேமிப்பின் பெறுமதி கரைந்து முடிந்திருந்தது.

தமிழ் வாக்காளர்களாகிய எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேட்பாளர்களிடம் அதிகாரப் பகிர்வு பற்றியும் காணி பற்றியும் கேட்கிறோம். கேட்கவே வேண்டும், அந்தக் கேள்விகளுக்கு இன்னும் பதில் இல்லை. 2024இல் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள் விழுந்ததும் அதனால்தான். ஆனால் பாராளுமன்றத்துக்குப் போகும் தமிழ் உறுப்பினர் ஒவ்வொரு ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கும் கை உயர்த்துகிறார் அல்லது உயர்த்தாமல் விடுகிறார். ஊழியர் சேமலாப நிதியத்தை உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் கொண்டுவரும் தீர்மானம் 2023 ஜூலை முதலாம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது, உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கவில்லை. பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டில் தேடித்தான் கண்டுபிடித்தேன். கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் ஹட்டனிலும் எரிவாயு ஒரே மாதிரித்தான் தீர்ந்தது.

மாமி அந்தத் துண்டுப்பிரசுரத்தை எறியவில்லை. அதன் வெறும் பக்கத்தில் ஐந்தாவது அம்சத்தையும் எட்டாவது அம்சத்தையும் இரண்டு பத்திகளாக எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கூட்டுத்தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டு, மின்சாரப் பட்டியல்களோடு ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்திருக்கிறார். நேற்று இந்தக் காணொளிக்காக அதைக் கேட்டு வாங்கினேன். "பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்" என்றார். "அந்தத் தம்பி மாகாண சபைக்கும் கேட்டு வருவார் போலிருக்கிறது."