கப்பலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே நீதிபதி

வணக்கம். லண்டன் குயின் விக்டோரியா தெருவில் நிற்கிறேன். காற்று அடிக்கிறது, குரல் கேட்கும் என்று நம்புகிறேன். 1867இல் இடிக்கப்படும்வரை 'டாக்டர்ஸ் காமன்ஸ்' இங்கேதான் இருந்தது. ரோமானியச் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய வழக்கறிஞர்களின் சங்கம் அது. கப்பல், கல்யாணம், உயில் இம்மூன்றும் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் சேராமல் தனியாகக் கிடந்தன. அதனால்தான் கடல் வழக்கையும், கல்யாணமும் உயிலும் சேர்ந்த திருச்சபை வழக்கையும் ஒரே ஆட்களே நடத்தினார்கள்.

அவர்களில் வில்லியம் ஸ்காட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நியூகாசில் நிலக்கரி வணிகரின் மகன், 1745இல் பிறந்தவர். பின்னாளில் ஸ்டோவல் பிரபு. 1788இல் லண்டன் திருச்சபை நீதிமன்றத்திலும், 1798இல் கடல் வழக்குகளைக் கேட்கும் அட்மிரால்டி நீதிமன்றத்திலும் நீதிபதியானார்.

கணவன் கொடுமைப்படுத்துகிறான் என்று ஒரு பெண் 1790இல் பிரிந்து வாழ அனுமதி கேட்டார். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால்தான் அது கொடுமை, மனக்கசப்பு போதாது என்று ஸ்காட் தள்ளுபடி செய்தார். பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1812இல் ஸ்லைகோ பிரபு என்ற இளைஞர், கடற்படை மாலுமிகளைத் தன் சொந்தக் கப்பலுக்கு இழுத்துக்கொண்டதற்காக லண்டன் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில் நின்றார். விசாரித்த நீதிபதிகளில் ஸ்காட்டும் ஒருவர். 5,000 பவுண்டு அபராதம், நான்கு மாதச் சிறை. அடுத்த வசந்தத்தில் அந்த இளைஞரின் விதவைத் தாயையே ஸ்காட் மணந்துகொண்டார்! நான் கட்டிவிட்ட கதை இல்லை. அந்த மணவாழ்வில் மனக்கசப்புக்குப் பஞ்சமில்லை என்றும் சொல்வார்கள்.

சிரித்துவிட்டு விட்டுவிட முடியாத ஒன்று 1827இல் நடந்தது. கிரேஸ் என்ற அடிமைப் பெண்ணை ஆங்கிலேயரின் கரீபியன் காலனியான ஆன்டிகுவாவிலிருந்து எஜமானி 1822இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்து, மறு ஆண்டு திரும்பக் கூட்டிப்போனார். இங்கிலாந்து மண்ணில் இருந்தவள் சுதந்திரமானவள் அல்லவா? இங்கே இருந்தவரை அவளைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆன்டிகுவாவுக்குத் திரும்பியதும் அடிமைநிலை திரும்பிவிடுகிறது என்று தீர்ப்பளித்தார் ஸ்டோவல். அப்போது அவருக்கு வயது 82.

சட்டத்தைத் தன் விருப்பத்துக்கு வளைக்காத நேர்மை இது என்று அவருடைய ரசிகர்கள் சொல்கிறார்கள். ஒரு சான்றும் காட்டுகிறார்கள்: ஆங்கிலேயர் பிடித்த பிரெஞ்சு அடிமைக் கப்பலை 1817இல் விடுவித்தவரும் இவரே. அமைதிக் காலத்தில் அயல்நாட்டுக் கப்பலை நிறுத்திச் சோதிக்க உரிமையில்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். கிரேஸ் வழக்கில் அதே சமாதானம் எனக்குப் போதவில்லை. காலனிகளின் வழக்கத்தைத் தூக்கிப் பிடிப்பதா, விடுதலையைத் தூக்கிப் பிடிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் இடம் அங்கே இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தார்.

சரி, ஓல்டு பெய்லி இங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஸ்லைகோ நின்ற பழைய கட்டடம் போய்விட்டது. இருந்தாலும் வாருங்கள், காட்டுகிறேன்.