‘இல்லை’ என்று சொன்னவற்றின் ஏடு

(கோபிசெட்டிபாளையத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, படிப்பு மேசையை விட்டு எழுந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தேர்வுக்காரத் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நூலகத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், “அப்போ நாள் முழுக்கப் படிச்சுக்கிட்டே இருந்திருப்பீங்களாட்ட இருக்குதுங்க” என்று சொல்லாதவர்கள் குறைவு. நான் படித்தது பெரும்பாலும் பேருந்தில்தான். நூலகத்தில் இருந்த நேரமெல்லாம், எந்தப் புத்தகத்தை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்ற கவலையிலேயே கழிந்தது. அந்தக் கவலையைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. திருப்பூரில் பிறந்தவரும், பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவருமான தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டம் அதுவே முதல். அதற்குப் பின்னால், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா என்ற கணக்கில் அது வசூலாகிறது. 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீட்டுக்காரர் அதற்குமேல் 200 ரூபாயை நூலகத்துக்காகக் கட்டுகிறார். உள்ளாட்சி அமைப்புகள் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும், ஆகையால் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர் நீங்கள் என்பதுதான். கொடுத்தவருக்கு, என்ன வாங்கப்படுகிறது என்று கேட்கும் உரிமையும் உண்டு.

புத்தகங்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பது வாசகர்களில் பலருக்குத் தெரியாது. கிளை நூலகர் கடைக்குப் போய் வாங்குவதில்லை. பதிப்பகத்தார் விண்ணப்பிக்க, தேர்வுக் குழு பரிசீலிக்க, சென்னையிலுள்ள பொது நூலக இயக்ககம் ஆணை வழங்க, மாவட்டத்துக்கு வந்த மூட்டைகளைப் பிரித்துக் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் வழியாகவும் சில நூல்கள் வரும். பதிப்பாளர்கள் ‘நூலக ஆணை’ என்று ஆவலோடு பேசுவது இந்த ஆணையைத்தான். என் காலத்தில் விலையைப் பக்கக் கணக்கில், 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று நிர்ணயித்தார்கள். பத்தாண்டு உழைத்து எழுதிய ஆய்வு நூலுக்கும் பத்து நாளில் ஒட்டித் தைத்த தொகுப்புக்கும் ஃபாரத்துக்கு ஒரே விலை. அதனால் பக்கம் பெருத்து விஷயம் மெலிந்த புத்தகங்கள் சில அலமாரி ஏறியதை நான் என் கையாலேயே முத்திரை குத்தி வரவு வைத்திருக்கிறேன். இப்போது விண்ணப்பமும் தேர்வும் இணையவழிக்கு மாறியிருப்பது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன்.

ஆனாலும் மையத்தில் எத்தனை நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஒருநாள் மாலை, தோளில் துண்டோடு ஒரு விவசாயி வந்து, “ஏனுங்க, மஞ்சள்ல கிழங்கு அழுகல் வந்துருச்சுங்க. அதுக்கு எதாச்சும் புஸ்தகம் இருக்குதுங்களா?” என்று கேட்டார். தேடினேன். நூல் வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்ற எண்ணின் கீழ் அலமாரிகள் தளும்பின. வேளாண்மைப் பகுதியில் இருந்தவை, தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்பட்ட நெல் சாகுபடி நூல்கள் சிலவும், வீட்டுத் தோட்டம் பற்றிய ஒரே நூலின் நான்கு படிகளும். மஞ்சளுக்குப் பேர்போன சீமையின் நூலகத்தில் மஞ்சளைப் பற்றி ஒரு புத்தகம் இல்லை. “இல்லீங்க” என்றேன். “செரி, பரவாயில்லீங்க” என்று அவர் போய்விட்டார். அவர் மறுபடி வரவே இல்லை.

அவர் கேட்டது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இரவல் போன புத்தகத்துக்குக் கணக்கு இருக்கிறது, வந்த வாசகருக்குக் கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது, தாமதக் கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது. நாம் ‘இல்லை’ என்று சொன்னதற்கு மட்டும் ஏடு கிடையாது. எந்த நூல் எத்தனை முறை போயிற்று என்பதை வைத்தே அடுத்த ஆண்டுத் தேவையைக் கணித்தால், இருப்பவற்றுள் எது ஓடுகிறது என்பது தெரியுமே தவிர, இல்லாதது எது என்பது ஒருபோதும் தெரியாது. அடுத்த நாளே ஒரு 80 பக்க நோட்டு வாங்கி மேசையின் மேல் வைத்தேன். தேதி, கேட்ட பொருள், கேட்டவர் எந்தத் தொழிலில் இருக்கிறார் என்ற மூன்று பத்திகள்தான், பெயர் எழுதவில்லை. ஒருவர் என்ன படிக்க விரும்பினார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

அந்த நோட்டு எனக்கு ஊரைக் காட்டியது. விசைத்தறிக்காரர் துணிக் குறைபாடுகளைப் பற்றிக் கேட்டார். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர் ஒருவர் தன் மொழியில் ஏதாவது இருக்கிறதா என்று சைகையும் தமிழும் கலந்து கேட்டார். காங்கேயம் மாடு வளர்ப்பவருக்கு இனத்தின் வரலாறு வேண்டியிருந்தது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் பேச்சு சூடு பிடித்த காலத்தில், கான்கிரீட் வந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்ற தரப்பும், மண் வாய்க்காலாக இருந்தால்தான் கிணறு ஊறும் என்ற தரப்பும், ஒரே வாரத்தில் ஒரே மேசைக்கு வந்து ஆதாரம் கேட்டன. நூலகர் யாருக்கு வேண்டியவர் என்பது அங்கே தெரியக் கூடாது. இரு தரப்புக்கும் நூல் இருக்க வேண்டும், அவை அருகருகே இருக்க வேண்டும்.

இனி, வெளியே அனுப்பும் வேலை. புத்தகத்தைக் கழிப்பது பாவம் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். காலில் பட்டால் தொட்டுக் கும்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் நூலகம் வளரும் உயிரி என்று அரங்கநாதன் 1931இல் தம் ஐந்தாம் விதியாக எழுதினார். உயிருள்ள மரம் பழுத்த இலையை உதிர்க்காமல் இருப்பதில்லை. ராமபாணப் பூச்சி துளைத்ததும் கரையான் அரித்ததும் கண்ணுக்குத் தெரியும், அவற்றைக் கழிக்க யாரும் தயங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போன புத்தகம்தான் ஆபத்தானது. எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அதை ஏக்கருக்கு இவ்வளவு தெளி என்று சொல்லும் பயிர்ப் பாதுகாப்பு நூலொன்று, அட்டை கலையாமல், அதற்குப் பல ஆண்டுகள் பின்னும் எங்கள் அலமாரியில் நின்றது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆகவே பழைய சட்ட நூல்கள் அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிடலாமா என்றால், கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், நல்ல படி ஒன்றைக் குறிப்புதவிப் பகுதியில் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். 2018-19இல் பள்ளிப் பாடத்திட்டம் மாறத் தொடங்கிய பிறகும் பழைய பாடநூல்களையே நம்பித் தேர்வுக்குப் படித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்த மதிப்பெண்ணில் நூலகத்துக்கும் பங்குண்டு.

இவ்வளவு பேசுகிற நானே செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இடமில்லாமல் திணறிய ஓர் ஆண்டில், பத்தாண்டுகளாக இரவல் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாத நூல்களையெல்லாம் கழிவுப் பட்டியலில் எழுதினேன். அவற்றுள் ஒன்று, உள்ளூர் அச்சகத்தில் அச்சிட்ட, நாற்பது பக்கம்கூட இல்லாத ஒரு சிறு வெளியீடு. கீழ்பவானிப் பாசனம் தொடங்கிய நாட்களில், எந்த ஊர் எந்த மடையில் நீர் எடுக்கிறது என்பதைத் தொகுத்தது. பவானிசாகர் அணை முடிந்தது 1955இல், ஆகவே அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் வந்திருக்க வேண்டும். பழுப்பேறி, முதுகு பிரிந்து, எடைக்கும் தேறாத நிலையில் இருந்தது. வாய்க்கால் பிரச்சினை எழுந்தபோது இரு தரப்பாரும் முதலில் கேட்டது அதைத்தான். வேறெங்கும் படி கிடைக்கவில்லை. தேதிச் சீட்டு அந்த ஊரில் பத்தாண்டு நடந்ததைச் சொன்னது. அடுத்த பத்தாண்டில் நடக்கப்போவதை அது எப்படிச் சொல்லும்? எங்கும் கிடைக்கும் நாவலுக்குப் பொருந்தும் அளவுகோலை உள்ளூர் ஆவணத்துக்குப் பொருத்தியது என் தவறு. உள்ளூர் அச்சகத்தின் பெயர் இருந்தால், கிழிந்ததாயினும் கழிக்காதே என்று அதன்பின் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்தேன்.

நன்கொடை மூட்டைகளையும் அதன்பிறகே பொறுமையாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். தாத்தா இறந்த வீட்டில் பரண் ஒழித்து, “லைப்ரரிக்குக் குடுத்துட்டா புண்ணியமாப் போகுமுங்க” என்று கொண்டுவந்து இறக்குவார்கள். பாதிக்குமேல் பழைய பாடக் குறிப்புகளும் பஞ்சாங்கமும்தான். ஏற்க முடியாது என்று அப்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. ஆனால் அப்படிப்பட்ட மூட்டையொன்றின் அடியில், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டிங்குகளுக்கு இடையே, கொங்கு நாட்டு நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடிய ஒருவரின் கையெழுத்து நோட்டுக் கிடைத்தது. வேர்வை பட்டு ஓரங்கள் மொறமொறத்து, எந்த இடத்தில் உடுக்கை நிறுத்த வேண்டும் என்பதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

இருப்புச் சரிபார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் குறைந்தால் நூலகர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். ஓராண்டில் இரவல் தந்த அல்லது பார்வைக்குத் தந்த 1,000 நூல்களுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. நம் அலமாரிகளுக்கும் அந்தத் தாராளம் வேண்டும்.

வாசகர் வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இப்போதைய நூலகரிடம் இன்று மாலை ஒரு 80 பக்க நோட்டைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தேடிக் கிடைக்காததை அதில் எழுதுங்கள். நூல் தேர்வு நேரத்தில் வட்டத்தின் சார்பில் அதைப் பட்டியலாக்கி மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்புங்கள். முதல் வரியை நானே எழுதிவிட்டேன்: கீழ்பவானி மடைகளும் ஊர்களும், சிறு வெளியீடு, உள்ளூர் அச்சு. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.